பப்லுவுக்கு நான் போட்ட பத்தியம்

காலை ஐந்தரை. பால் பாக்கெட் இன்னும் வாசல் பையில்தான் கிடந்தது. நான் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழிந்த காகிதத் துணுக்குகளை ஒரு விரலால் விலக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

முந்தின நாள் காலை ஆறு. அதற்கு முந்தின நாள் ஏழு. கூண்டின் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. பால்கனிக் கதவு தாழ்ப்பாள் போட்டபடி. ஒரு சொட்டு ரத்தமில்லை. சுண்டுவிரல் நுனி அளவு ரோஜா நிறக் குட்டிகள், கண் திறக்காதவை, நகரக்கூடத் தெரியாதவை. அவை எங்கே எழுந்து போகும்?

அந்த நேரம் பார்த்து மொபைல் அடித்தது. ஸ்டெல்லா.

“எத்தனை மாமி?”

“ஏழும்மா. ஏழும் சௌக்கியம்” என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரிந்தே தப்பு விடை சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

எதிர் ஃபிளாட்

போன வாரம் நான் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, என்னை வெளியே இழுத்த எதிர் ஃபிளாட் ஸ்டெல்லாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டீர்கள், எழுதித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில், மூன்றாவது மாடி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு காவிரி தெரியும். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஸ்டெல்லாவின் வாசல். திருச்சியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிறாள். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.

அவள் கணவர் அருள், எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். குழந்தைகள் இல்லை. மூன்று முறை உண்டாகி மூன்று முறையும் கலைந்துபோனதை ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் கிளிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

அருள் போனதற்கு அப்புறம் ஒருநாள் தில்லைநகர்க் கடையிலிருந்து ஒரு ஹாம்ஸ்டரை வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற, வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வெளிநாட்டு எலி. “காசு குடுத்து எலி வாங்கறதை இப்பத்தான் பாக்கறேன்” என்றார் எங்காத்துக்காரர். கடைக்காரன் ஆண் என்று சொன்னானாம். பப்லு என்று பெயர் வைத்தாள்.

வாங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். திண்டுக்கல்லில் அவள் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. இரண்டு வாரம் போயாக வேண்டும். கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் வைத்தாள்.

“இது ஒண்ணுதான் மாமி வீட்டுல சத்தம் போடுது. இதுவும் போயிடுச்சுன்னா நான் அந்தக் கதவைத் திறந்து உள்ள போவேனான்னு தெரியல.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன், நீ கிளம்பு” என்றேன். எவ்வளவு சுலபமாக வாய் சொல்லிவிடுகிறது!

பத்தியம்

இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லையா, கிராம் கணக்கில் இருந்தது. தினமும் டின்னில் உள்ள உருண்டைத் தீனி ஒரு ஸ்பூன். அதோடு தினை கொஞ்சம். கேரட், வெள்ளரி, கீரை மாற்றி மாற்றி. ஆப்பிள் விதையில்லாமல். சூரியகாந்தி விதை இரண்டு மூன்று போதும், அதிகம் வேண்டாம். வாரம் இரண்டு நாள் வேகவைத்த முட்டை, விரல் நகம் அளவு. ஒரே பொருளைத் தினமும் போடக் கூடாது. புளிப்புப் பழம் கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன்.

“ஏன்னா, கேட்டேளா? வெங்காயம் பூண்டு சேராதாம்! நம்மாத்து எலி!” என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார். வெங்காயம் பூண்டே சேராத ஜீவனுக்கு முட்டை எங்கே சேரப் போகிறது? அது ஸ்டெல்லா வீட்டுப் பழக்கம், தான் சாப்பிடுவதை அதற்கும் கொடுத்துப் பழக்கியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பென்சிலால் முட்டை வரியை அடித்தேன்.

அதோடு நிறுத்தினேனா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டின்னில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். மீன் தூள் என்று இருந்தது. எனக்கு உடம்பே கூசிவிட்டது. கூடத்தில் ஒரு பக்கம் பெருமாள், இன்னொரு பக்கம் மீன் தூளா! டின்னை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பால்கனியில் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

பிறகு நான் போட்டது தினை, அவல், வெள்ளரி, கேரட், ஆப்பிள். எல்லாம் பெருமாளுக்கு முன்னால் வைத்துக் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான். நடுவில் ஏகாதசி வந்தது. அன்றைக்கு நாங்கள் பட்டினி. பப்லுவுக்கு மட்டும் இரண்டு துண்டு ஆப்பிள்.

அது எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்துக்குள் அடைத்துக்கொள்ளும். முகம் இரண்டு மடங்காகும். பிறகு மூலைக்குப் போய் அத்தனையையும் வெளியே எடுத்துப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து என்னைப் பார்க்கும். அந்தக் கண்ணில் வெள்ளையே கிடையாது. மிளகு மாதிரி இரண்டு கறுப்பு. எதையோ கேட்கிறது என்று தோன்றும். இன்னும் ஒரு துண்டு வெள்ளரி போடுவேன்.

ஏழு

ஆறாம் நாள் காலை கூண்டிலிருந்து ஒரு சத்தம். ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தால் வருமே, அது. குனிந்து பார்த்தால் காகிதக் குவியலுக்குள் ரோஜா நிறத்தில் என்னவோ நெளிகிறது. ஆண் என்று விற்ற பப்லு குட்டி போட்டிருந்தது!

ஸ்டெல்லாவுக்கு போன் செய்தேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

“எத்தனை மாமி?”

எண்ணிச் சொன்னேன்.

“ஏழா! ஏழுமா!” ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தியிருக்கிறாள். “ஏழுக்கும் பேர் வைக்கணும் மாமி. தினமும் காலைல எண்ணிச் சொல்லுங்க. நான் நைட் எல்லாம் அம்மா பக்கத்துல உக்காந்திருக்கேன், காலைல உங்க போன்தான்.”

அருள் போனதிலிருந்து அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதில்லை. அந்தக் குரலுக்காகத்தான் எண்ண ஆரம்பித்தேன்.

முக்கொம்பு

எண்ணுவது எனக்குப் புதிதல்ல. ஒருமுறை நாற்பத்திரண்டு பெண்களை முக்கொம்புக்குப் பிக்னிக் கூட்டிப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் தலை எண்ணினால் நாற்பத்துமூன்று. இறக்கி, வரிசையாக நிற்கவைத்து எண்ணினால் அப்போதும் நாற்பத்துமூன்று. கூட வந்த டீச்சர் ஆற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பார்த்தால், வேறு ஸ்கூல் பெண் ஒருத்தி எங்கள் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் எங்களோடு ஏறியிருந்தாள்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு தலை கூடினால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்தால் என்ன செய்வது?

கோலமாவு

ஆறு என்று வந்த அன்று, காகிதத்துக்குள் எங்கேயோ ஒன்று புதைந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் ஏழு என்றே சொன்னேன், மனதறிந்த பொய்யில்லை. ஐந்து என்று வந்ததும் கொக்கியையும் தாழ்ப்பாளையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

பூனையா? மூன்று மாடி ஏறி, தாழ்ப்பாளைத் திறந்து, கொக்கியை எடுத்து, ஒரே ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு, மறுபடி கொக்கியைப் போட்டுவிட்டுப் போகிற பூனை இந்த உலகத்தில் இல்லை.

“நீங்க ஏதாவது எடுத்தேளா?” என்று இவரைக் கேட்டேன்.

“நான் எதுக்குடி எலிக்குட்டியை எடுக்கறேன்? எனக்கென்ன பைத்தியமா?”

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கோலமாவைத் தூவினேன். சல்லடையில் சலித்து, மெல்லிசாக. எறும்பு போனாலும் தடம் விழ வேண்டும். கூடத்துக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. அவருக்கும் பயம் பிடித்திருந்தது.

காலையில் கதவைத் திறந்தேன். ஆடிக் காற்று காவிரிப் பக்கமிருந்து வீசுகிற நாட்கள் அவை, ஆனாலும் பூட்டிய கூடத்தில் மாவு ஒரு பொடிகூட நகரவில்லை. ஒரு தடம் இல்லை. ஒரு கீறல் இல்லை. அதன் நடுவே கூண்டு. பப்லு சக்கரத்தில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

மாவை மிதித்துக்கொண்டு போய் எண்ணினேன். நான்கு.

“எண்ணாதேடி” என்றார் இவர், வாசற்படியிலேயே நின்றுகொண்டு. “நீ எண்ண எண்ணத்தான் கொறையறது.”

“கணக்கு டீச்சர் ஆம்படையான் பேசற பேச்சா இது?” என்று எரிந்து விழுந்தேன்.

போன் அடித்தது. ஏழு என்றேன்.

கண்ணெதிரே

மறுநாள் மூன்று இருந்தன. அன்று எண்ணிவிட்டு எழுந்திருக்கவில்லை. அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். எது வந்தாலும் வரட்டும், பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வீம்பு.

எதுவும் வரவில்லை. பப்லுதான் சக்கரத்திலிருந்து இறங்கி வந்தது. நான் கலைத்துப்போட்ட காகிதத்தை முகர்ந்தது. என் விரல் பட்ட இடத்தில் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு குட்டியைப் பல்லால் பிடித்துத் தூக்கிக் கன்னத்துக்குள் போட்டுக்கொண்டது. இடம் மாற்றுகிறது போலிருக்கிறது, தாயல்லவா, என்று நினைத்தேன். அது மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

ஊறின அவலை மெல்லுகிற சத்தம் வந்தது.

ரொம்ப நேரமில்லை. அப்புறம் திரும்பி, இரண்டு கையாலும் முகத்தைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, கம்பிக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தது. நான் கத்திவிட்டேன். இவர் பூஜையை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஸ்டெல்லாவின் காகிதத்தில் கடைசியாக ஒரு மிருக டாக்டரின் நம்பர் இருந்தது. பேசியது சின்ன வயதுப் பெண் குரல்.

“மேடம், பயப்படாம சொல்லுங்க. முட்டை குடுத்துட்டு இருந்தீங்களா?”

“இல்லை.”

“பெல்லெட்? அந்த உருண்டைத் தீனி?”

“இல்லை.”

“பன்னீர், பருப்பு, ஏதாவது?”

“வெள்ளரிக்காய் குடுத்தேன்” என்றேன்.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. “குட்டி போட்ட உயிருங்க அது. பால் குடுக்கணும். உடம்புல சத்து இல்லன்னா வேற எங்க போகும்? குட்டியைத் திருப்பி எடுத்துக்கும். கூட்டைக் கலைச்சீங்களா?”

“தினமும் எண்ணினேன்.”

“ஐயோ! வேத்து வாசனை பட்டாலே அதுங்க பதறிடும் மேடம். இனிமே தொடாதீங்க. பாக்கவே பாக்காதீங்க. துணியைப் போட்டு மூடிருங்க. இன்னைக்கே பெல்லெட் வைங்க, வேகவச்ச முட்டை வைங்க. மிச்சம் இருக்கறது பொழைக்கறது அதுலதான் இருக்கு.”

ஆக, தடமே இல்லாமல் வந்துபோன திருடி நான்தான். முட்டை வரியை அடித்த கையும் என் கைதான், தினமும் போய்க் கூட்டைக் கலைத்த கையும் என் கைதான். பெற்றவளைப் பட்டினி போட்டுவிட்டு அவள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட்

தொட்டிக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்தேன். முட்டைக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. எங்கள் தெருவில் நான் முட்டை கேட்டால், கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆட்டோ பிடித்துக் கொடுப்பார்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். தினமும் திருவாராதனப் பூஜை பண்ணாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். அன்று அதைப் பாதியில் விட்டுவிட்டு, டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, தெரிந்த முகம் இல்லாத இடம் தேடிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். துணிப் பைக்குள் பேப்பர், பேப்பருக்குள் வேகவைத்த முட்டை ஒன்று.

“பெப்பர் போடட்டுமா சார்னு கேட்டான்டி” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பால்கனியில் உட்கார்ந்து அவரே உரித்தார். உரிக்கத் தெரியவில்லை, பாதி ஓட்டோடு போயிற்று. கூண்டின் மேல் அவருடைய பழைய வேஷ்டியைப் போர்த்தி, ஓரத்தை ஒரு கை அளவு தூக்கி, உள்ளே வைத்துவிட்டுப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். அப்புறம் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பூஜையைத் தொடர்ந்தார்.

வேஷ்டிக்குள்

அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் சத்திரம் போய்வந்தார். வேஷ்டி ஓரத்தைத் தூக்கித் தீனி வைப்போம், உடனே விட்டுவிடுவோம். உள்ளேயிருந்து மெல்லுகிற சத்தம் வரும். முட்டையை மெல்லுகிறதா, வேறெதையாவதா என்று எங்களுக்குத் தெரியாது. விளக்கேற்றுகிற நேரத்தில் சக்கரம் சுற்றும். இரண்டு பேரும் சாத்துமுறைப் பாசுரத்தை நிறுத்திவிட்டு, குட்டிகளின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

காலையில் போன் வரும்.

“ஏழுதானே மாமி?”

“ஏழுதான்.”

வேஷ்டிக்குள் இரண்டு இருக்கிறதா, ஒன்றா, ஒன்றுமே இல்லையா? எனக்கே தெரியாத ஒரு கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு தினமும் ஏழு என்று சொன்னேன்.

ஸ்டெல்லா ஒரு மத்தியானம் வந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே எங்கள் கூடத்துக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வேஷ்டியைத் தூக்கினாள்.

இரண்டு இருந்தன. பழுப்பு முடி முளைத்து, பப்லுவின் வயிற்றில் முகம் புதைத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஸ்டெல்லா, நான் உன்கிட்ட...”

“தெரியும் மாமி.” அவள் திரும்பவில்லை. “மூணாம் நாளே தெரிஞ்சுது. அருளுக்கு முடியாம இருந்தப்ப நர்ஸுங்க எல்லாம் இந்தக் குரல்லதான் பேசுவாங்க.”

“அப்புறம் ஏன்மா தினமும் கேட்டே?”

“ஏழுன்னு யாராவது சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு.”

அழுதுவிட்டேன். அவள் வந்து என் தோளில் கை வைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நெஞ்சில் இருந்ததை வைத்துக்கொள்ள முடியவில்லை. முட்டை வரியை அடித்ததை, டின்னைக் கட்டி வைத்ததை, ஏகாதசி ஆப்பிளை, எல்லாவற்றையும் சொன்னேன்.

தோளில் இருந்த கை எடுபட்டது.

“முட்டை உங்க வீட்டுக்குள்ள வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி” என்றாள். கோபமே இல்லாத குரல். “நான் பப்லுவைக் கூடவே எடுத்துட்டுப் போயிருப்பேனே.”

பென்சில் கோடு விழுந்த அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இரண்டும் வளர்ந்துவிட்டன. இந்த ஜாதி ஒன்றோடொன்று ஒத்துப்போகாதாம், தனித்தனியாக மூன்று கூண்டு வைத்திருக்கிறாள். என்னோடு முன்னைப் போலவே பேசுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முட்டை சேர்க்காத கேக் தனியாகச் செய்து கொண்டுவந்து தருகிறாள். ஊருக்குப் போகும்போது மட்டும் மூன்று கூண்டையும் தானே தூக்கிக்கொண்டு போகிறாள்.

போன மாதம் அப்படிக் கிளம்பியபோது, ஆட்டோ வரைக்கும் ஒன்றை நான் தூக்கி வருகிறேனே என்று கையை நீட்டினேன்.

“வேண்டாம் மாமி, கனமில்ல” என்றாள்.